கயிற்றின் விலையும் ஆளின் விலையும்

"நானா, கப்பல் வடம் ஏதும் வந்திருக்கா?"

திருகோணமலையில், அதுவும் லிங்கநகர் போன்று துறைமுகத்தை நம்பி வாழும் பகுதியில், கயிறும் கொக்கியும் விற்கும் எந்தக் கடைக்காரரும் மாதத்தில் நாலைந்து தடவையாவது கேட்கும் கேள்வி இது. புதுக் கயிறு கண்ணெதிரே சுருள் சுருளாகத் தொங்கும். ஆனால் வருபவருக்கு அது வேண்டாம். கப்பலிலிருந்து இறங்கிய பழைய வடம்தான் வேண்டும். கையளவு தடிப்பு, பார்வைக்குப் பலம், விலையோ புதியதில் கால்வாசி.

நானும் விற்றவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு படகு முதலாளிக்கு அப்படியொரு வடத்தை நிறுத்துக் கொடுத்தேன். இயந்திரம் பழுதான இன்னொரு படகைக் கட்டியிழுக்க அதைப் பாவித்தார்கள். இழுபட்ட வடம் நடுவில் முறிந்தது. முறிந்த முனை திரும்பி வந்து, கட்டையருகே நின்ற இளைஞர் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. அந்தக் காலை டொக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை. பொலிஸார் என்னிடம் வரவில்லை, படகு முதலாளியும் என்னைக் குறை சொல்லவில்லை. "கடல் தொழில், அப்படித்தான்" என்றார்கள். ஆனால் அந்த வடத்தை எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கி, எந்த வார்த்தையும் சொல்லாமல் விற்றவன் யார் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு கேள்வியை அன்றே கேட்டிருக்க வேண்டும். கப்பல்காரன் ஏன் அந்த வடத்தை விற்றான்? 200 மீற்றருக்கு மேல் நீளமான, இலட்சக்கணக்கில் பெறுமதியான வடத்தை அவன் நம்மீது கொண்ட அன்பினாலா இறக்கிவிட்டுப் போனான்? "இது இனிப் பாரம் தாங்காது" என்று அவனுடைய பரிசோதனை சொல்லியிருக்கிறது. அவன் கழித்ததை நாம் மூலதனமாக்குகிறோம்.

இந்தக் கேள்விக்கு இன்று அவசரம் கூடியிருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் புதிய விதிகள் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி, பழைய கப்பல்களும் தங்கள் கட்டு வடங்களை ஒழுங்காகப் பரிசோதித்து, பதிவு வைத்து, தேய்ந்ததை மாற்றியாக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் கப்பலின் பாரந்தூக்கிகளுக்கும் நங்கூரம் கையாளும் வின்ச்சுகளுக்கும் இதுபோன்ற விதிகள் வந்துவிட்டன. கப்பலில் கட்டுப்பாடு இறுகும்போது, கழிக்கப்படும் வடமும் கம்பிக் கயிறும் கூடும். அவை எங்கே போகும்? சீனன்குடாவிலும் அஷ்ரப் இறங்குதுறையிலும் கப்பல்கள் கட்டும் ஊரில், நம்முடைய கடைகளுக்குத்தான் வரும். கப்பலில் பாதுகாப்புக் கூடுவது கரையில் ஆபத்தைக் கூட்டுவதாக முடிந்துவிடக் கூடாது.

கயிற்றைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று சிலர் கேட்கலாம். என் வாப்பா வெள்ளைக்காரனின் டொக்யார்டில், அது 1957 இல் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை, வடம் பின்னும் வேலை செய்தவர். தும்புக் கயிறு முறியுமுன் முனகும், அந்தச் சத்தம் கேட்டதும் விலகிவிடு என்பார். அது அந்தக் காலத்துக் கயிறு. நைலோன் முனகாது. 20 பாகம் நீளமான நைலோன் கயிறு, முறிவதற்கு முன் 25 பாகம் வரையும் அதற்கு மேலும் நீளக்கூடியது. அந்த நீட்சியில் சேர்ந்திருக்கும் விசை முழுவதும் முறிகின்ற கணத்தில் இரு பக்கமும் பாய்கிறது. விலகுவதற்கு நேரமிருக்காது. நனைந்த நைலோனின் பலம் இன்னும் குறையும். மிதக்கும் பொலிப்புரொப்பிலீன் கயிற்றை வெயில் உள்ளே அரித்துவிடும், உராய்ந்தால் அது உருகவும் செய்யும். எந்தக் கயிறானாலும் முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் ஏறத்தாழப் பாதியாகிறது. முறையாகப் பின்னி இணைத்தால் பெரும்பகுதி பலம் நிற்கும். அறுந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு "சரி, இழு" என்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விலை கூடிய வடம் வாங்கிவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. 2015 மார்ச் 2 ஆம் திகதி பிரித்தானியாவின் மில்ஃபோர்ட் ஹேவனில் சார்கா என்ற எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது வடமொன்று முறிந்து, தளத்தில் நின்ற அதிகாரியின் தலையில் அடித்துப் படுகாயப்படுத்தியது. அது சாதாரண வடமல்ல. முறிந்தாலும் பெரிதாகத் துள்ளாது என்று நம்பப்பட்ட நவீன வகை. முன்பெல்லாம் கப்பல் தளத்தில் "இங்கே நிற்காதே" என்று நிறம் பூசிக் காட்டுவார்கள். இப்போது பிரித்தானிய வழிகாட்டி நூல் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. நிறம் பூசாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்ற பொய்யான தைரியத்தை அது கொடுத்துவிடுமாம். வடம் இறுகும்போது தளம் முழுவதையும் ஆபத்தான இடமாகவே எண்ண வேண்டும். வேலையில்லாதவர் அங்கே நிற்கவே கூடாது.

நமது நீண்டநாள் மீன்பிடிப் படகுகளின் தளமோ ஒரு வீட்டு முற்றத்தை விடச் சிறியது. விலகி நிற்க இடமேது? ஆகவே அங்கே கயிறு நல்லதாக இருப்பதும், வின்ச்சில் நிற்பவர் பழகியவராக இருப்பதும்தான் ஆளைக் காக்கும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுழலும் வின்ச்சின் அருகில் நிற்பவர்களைக் காணலாம். சாரத்தின் ஒரு நுனி உருளையில் சிக்கினால் போதும், இயந்திரத்துக்குத் துணியும் தெரியாது, தொடையும் தெரியாது. தொளதொளத்த கையுறையும் விரல் மோதிரமும் அப்படித்தான். ஒருவரே வின்ச்சை இயக்கிக்கொண்டு கயிற்றையும் பிடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். இயக்க ஒருவர், உருளையிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி நின்று கயிற்றை வாங்க இன்னொருவர். அதற்குக் குறைந்து செய்யக் கூடாது. தரையில் வளையமாகக் கிடக்கும் கயிற்றினுள் கால் வைக்கவே கூடாது.

கம்பிக் கயிற்றுக்கும் கணக்கு உண்டு. விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்தக் கம்பிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் அறுந்து தெரிந்தால் அதைப் பாவிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1932 ஆம் ஆண்டிலேயே துறைமுகத் தொழிலாளருக்கான சமவாயத்தில் எழுதிவிட்டது. இன்றைய அளவுகோல் அதைவிடக் கடுமையானது. பாரந்தூக்கியையும் ஷெக்கலையும் கொக்கியையும் 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்கிறது அதே அமைப்பின் 1979 ஆம் ஆண்டுச் சமவாயம். பொதுவான வழக்கப்படி, 10 தொன்னில் முறியும் கம்பிக் கயிற்றால் தூக்க வேண்டியது 2 தொன் மட்டுமே. நம்மில் எத்தனை பேர் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி விற்கிறோம்?

"காலம் கெட்டுக் கிடக்கிறது, புதுக் கயிற்றுக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். தன்னிடம் வேலை செய்யும்போது காயப்பட்டவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1934 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நாட்கூலி என்ற சொல் தங்களைக் காப்பாற்றும் என்று இருப்பவர்கள் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுப் பார்க்கட்டும். நட்டஈடு, நின்றுபோன படகு, போன பயணம், வராத ஆட்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதி, புதுக் கயிற்றின் விலையை மறுபக்கம் எழுதுங்கள். எது மலிவு என்று தெரிந்துவிடும்.

பழைய வடத்தை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாட்டுப் பட்டிக்கு, வேலிக்கு, இறங்குதுறையில் டயர் தொங்கவிட அது தாராளமாகப் போதும். ஆனால் அதை இரண்டு பாகத் துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் சிவப்பு மை பூசி விற்போம். அப்போது அதைக் கொண்டு எவரும் படகைக் கட்டியிழுக்க முடியாது. என் கடையில் அந்த விபத்துக்குப் பிறகு இதுதான் முறை. சில வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனது உண்மை. எல்லாக் கடையும் இதைச் செய்தால் போவதற்கு வேறு கடை இருக்காது.

புதுக் கயிறு விற்கும்போது, விற்ற திகதியும் தாங்கும் பாரமும் எழுதிய ஒரு தகட்டைக் கட்டிக் கொடுப்போம். படகு முதலாளிகள் தங்கள் கயிற்றின் வயதை அறிய அது உதவும். தனித்தனியே கொழும்புக்கு ஓடாமல், வர்த்தகர்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து மொத்தமாக இறக்கினால் விலையும் இறங்கும். வின்ச்சுக்கு மறைப்புப் போடுவதற்கு நம்மூர் வெல்டிங் பட்டறைகளே போதும்.

2021 நவம்பர் 23 ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும் வரை ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்களை இழந்தோம். மறுநாள் எல்லோரும் எல்லோரையும் குற்றம் சாட்டினோம். முதல் நாள் அதன் நிலையைக் கண்டவர்கள் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

நான் வடம் விற்ற அந்த நாளில் நானும் வாய் திறக்கவில்லை. அன்று காலை இழந்தவர் இப்போது சந்தையில் தேங்காய் விற்கிறார். என்னைக் கண்டால் "நானா, சுகமா?" என்று சிரித்தபடி கேட்பார். அந்த வடம் யாருடைய கடையில் வாங்கியது என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய பதில் அது. இன்று சொல்லிவிட்டேன்.