ஐஸ் பெட்டி ஏறும் மலை

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துக் குப்பிகளை எண்ணி எடுத்து, நான்கு பக்கமும் ஐஸ் பை வைத்த கைப்பெட்டிக்குள் அடுக்குவார்கள். உள்ளே 2 முதல் 8 டிகிரி வரை குளிர் நிற்க வேண்டும். குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெளிர்நிறச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்த மருந்து உதவாது. சமவெளியில் இந்தப் பெட்டி வண்டியில் போய்விடும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக்கிடக்கும் சிற்றூர்கள் சிலவற்றுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்த ஊர்களில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆளுபவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1978-ல், நாட்டின் தடுப்பூசித் திட்டமும் தொடங்கியது. அதாவது, அரசாங்கம் இங்கே புதிதாக இருந்தபோதே ஊசித் திட்டமும் பிறந்துவிட்டது. அரசை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் செவிலியர் குழந்தையின் தொடையைக் கேட்டார்.

மலைத் தாயின் தயக்கத்தை அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறோம். அது நியாயமில்லை. ஆறாவது வாரத்தில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி போட்ட அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கலாம். ‘காய்ச்சல் வரும், பயப்படாதீங்க, இந்தக் காய்ச்சல் மருந்தைக் கொடுங்க’ என்று முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், நல்லாயிருந்த பிள்ளைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வரவழைத்துவிட்டார்கள் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். பத்தாவது வாரத்தில் அவள் வரமாட்டாள்.

பிறந்தபோது போடும் ஊசியை விட்டுவிட்டால், முதல் ஆண்டில் மட்டும் 6, 10, 14-வது வாரங்கள், 9-வது மாதம் என நான்கு முறை குழந்தை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். வெளிமாநிலத் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போயிருந்தால் தேதியே தவறிவிடும்.

தூரம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசியும் போட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகள் 2005-06-ல் சுமார் 81 சதவீதம். 2015-16-ல் சுமார் 70. அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இலவசமாகக் கிடைக்கும் ஊசியைக்கூட நடைதூரம் தட்டிப் பறிக்கும் என்பதை மறுக்க முடியாது. 2019-21-ல் இந்த விகிதம் 89-ஐ எட்டியது. மாநிலச் சராசரி அது. மலையின் கடைசி ஊரை அது காட்டாது.

வழி எங்கே என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கும் பெரும்பாலும் மலையாளி மக்களே. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இருவரும் ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கர்ப்பிணியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர் வெளியூர் அதிகாரி அல்ல, பக்கத்து வீட்டு அக்கா. குழந்தை இறப்பு பிற்பாடு 20 அளவுக்கு இறங்கியது. தடுப்பூசி ஒன்றால் மட்டும் வந்ததல்ல அது. பேறுகாலப் பராமரிப்பும் சத்துணவும் சேர்ந்து கொண்டுவந்தது.

போலியோவிலும் நடந்தது இதுதான். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்தைப் பற்றி வதந்தி பரவி வீட்டுக் கதவுகள் மூடியபோது, அக்கம்பக்கத்தாரின் பேச்சே அவற்றைத் திறந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் அழைத்தன, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் கைகொடுத்தது, அந்தந்தத் தெருப் பெண்கள் வீடு வீடாகப் பேசினார்கள். 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் நோய் தாக்கிய குழந்தைதான், இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி.

வெள்ளிமலைக்கும் இதுவே வேண்டும். ஒவ்வொரு சிற்றூரிலும் அந்த ஊர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுங்கள். ஊசி நாளை அறுவடையும் வெளியூர்ப் பயணமும் பார்த்து ஊர்ப் பெரியவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். பிழைக்கப் போகும் குடும்பத்தின் கையில், போன இடத்திலும் ஊசி போடலாம் என்று சொல்லித் தடுப்பூசி அட்டையைக் கொடுத்தனுப்புங்கள். குழந்தையை மலையிறங்கச் சொல்லாமல், ஐஸ் பெட்டியை மலையேற்றுங்கள்.