கணக்கை ஒப்படைத்தால்தான் மறுபடி வேலை

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ல் வெட்டிய அந்தக் கல்வெட்டில் பாடப்புத்தகம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. ஊர்க் கணக்கு எழுதுபவரைப் பற்றியது. நேர்மையாகச் சம்பாதிப்பவர்தான் கணக்கு எழுத வேண்டும். எழுதியவரே வந்து ஒப்படைக்க வேண்டும். முடித்துக் கொடுக்க வேறு கணக்கரை அனுப்பக் கூடாது. பெரியவர்கள் பார்த்து 'சரி' என்று சொல்லும்வரை அவர் மறுபடி அந்த வேலைக்கு வர முடியாது.

ஏன் இவ்வளவு கறார்? அந்தச் சபையின் பொறுப்பில் இருந்தது ஏரி, தோட்டம், பொன். எல்லாம் பொதுச் சொத்து. கணக்கு இரண்டு நாள் தாமதமானால் சமாளிக்கலாம். எழுதியது யார் என்று தெரியாமல் போனால் வம்பு.

இன்றைய கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். எதை முதலில் காப்பாற்றுவது என்பதைத் தொழில்தான் சொல்கிறது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாரிக்கிறது. கார் ஆலைகளில் பாகங்களை மாதக்கணக்கில் குவித்து வைப்பதில்லை. வேண்டிய நேரத்துக்கு லாரியில் வந்து இறங்கும். எது, எப்போது என்று சொல்வது கம்ப்யூட்டர். 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. சுமார் 13,000 வண்டிகள் தயாரிப்பு போச்சு. இத்தனைக்கும் இணையத் தாக்குதல் நடந்தது டொயோட்டா மீதுகூட இல்லை, அதற்குப் பாகங்கள் தரும் ஒரு கம்பெனி மீது! அங்கே முதல் கவலை, 'நிற்கக் கூடாது'.

உத்திரமேரூர் பக்கத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அந்தக் கவலை இரண்டாவதுதான். 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்றால் விவசாயி முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார். ஒரு நாள் கூலி போகும், அதுவும் சின்ன விஷயமில்லைதான். ஆனால் பெயரோ கிராமோ தப்பாக ஏறிவிட்டால்? 2021-ல் தமிழக அரசு 5 பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. ஒரு குடும்பம் அடகு வைத்த நகை மொத்தமாக 40 கிராமைத் தாண்டினால் தள்ளுபடி கிடையாது. ஒரே குடும்பம் இரண்டு மூன்று சங்கங்களில் கடன் வாங்கியிருந்தால், எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். பதிவில் பிழை இருந்தால், தகுதியுள்ள பெண்ணின் தாலிச் சங்கிலி பெட்டகத்திலேயே கிடக்கும்.

இத்தகைய 63,000 சங்கங்களை ஒரே மென்பொருளில் இணைக்க மத்திய அரசு 2022-ல் 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்லதுதான். ஆனால் சின்ன அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு: மேலாளரின் பாஸ்வேர்டு எல்லோருக்கும் மனப்பாடம். யார் எதைத் திருத்தினாலும் திரையில் அவர் பெயர்தான் நிற்கும். பராந்தகன் காலத்துச் சபை இதை ஒத்துக்கொண்டிருக்காது. நகையை எடை போடுபவருக்கு ஒன்று, காசாளருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று என்று தனித்தனி பாஸ்வேர்டு வைக்கப் புதுக் கம்ப்யூட்டர்கூட வாங்க வேண்டாம்.