முகாமில் பிறந்த பிள்ளை

மக்காவைத் துறந்து ஹிஜ்ரத் வந்தவர்களை மதீனத்து அன்சாரிகள் எவ்வாறு ஏற்றார்கள் என்பதை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். வந்தவருக்கு வீட்டில் இடமும் பேரீச்சந் தோப்பில் வேலையும் விளைச்சலில் பங்கும் கிடைத்தன. முஹாஜிர் என்னும் பெயர் அங்கே கண்ணியமாயிற்று. நம் மாவட்டத்து ஒக்கூரிலும் மூங்கிலூரணியிலும் அகதி என்னும் பெயர் அப்படி ஆயிற்றா?

1983ஆம் ஆண்டு முதல் ஈழத்திலிருந்து வந்தோருக்குத் தமிழகம் இடமளித்து வருகின்றது. 2021இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. பாராட்டுக்குரியவையே. எனினும் 1987 ஜூலை 1ஆம் நாளுக்குப் பின் இம்மண்ணில் பிறந்த பிள்ளை, பெற்றோர் இருவரும் அகதிகளாயின், பிறப்பினால் குடியுரிமை பெற இயலாது. பள்ளிப் பாடத்தில் இந்தியாவை 'என் தாய்நாடு' என்று எழுதிய அப்பிள்ளை, பட்டம் பெற்ற பின் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அயலானாகி விடுகின்றான். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ முஸ்லிம்களை விலக்கியதோடு இலங்கையையும் விட்டுவிட்டது. 2025இல் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனை அச்சத்தை நீக்கியதே தவிர, குடியுரிமை தரவில்லை.

'1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் விரட்டினார்களே, அவர்கள் இனத்தாருக்காக நாம் ஏன் பேச வேண்டும்?' என்று ஒரு பெரியவர் நம்மிடம் வினவினார். அந்த வேதனை மெய். புத்தளத்தில் அதன் வடு இன்னும் ஆறவில்லை. ஆயின் விரட்டியது துப்பாக்கி ஏந்தியோர். முகாமில் பிறந்த குழந்தை அன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து உங்களைப் பிறழச் செய்ய வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை. அடைக்கலம் கேட்பவர் இணைவைப்பவரேயாயினும் அவரைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு சேர்க்குமாறு அத்தவ்பா அத்தியாயம் பணிக்கின்றது.

செட்டிநாட்டார்க்கு இது அந்நியக் கதையும் அன்று. 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாய் வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் இவ்வூர்களில் இருக்கின்றனர். முகாம்வாசிகளிற் பலர், பஞ்சத்தில் நம் சீமையிலிருந்தே தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள். 1948இல் இலங்கைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. தாத்தாவின் ஊருக்கே வந்து நிற்கும் பேரனை நம் சட்டமும் அவ்வாறே நடத்துகின்றது.

வாக்குக் கேட்டு வருவோரிடம் பள்ளிவாசல் ஜமாஅத்துகள் தம் கோரிக்கைகளை எழுதிக் கொடுப்பது வழக்கம். அதில் இன்னுமொரு வரி சேரட்டும்: இங்கே பிறந்த இப்பிள்ளைகளுக்குக் குடியுரிமை.