சேரிக்கு வராத பரிந்துரைச் சீட்டு

அக்டோபர் 10 உலக மனநல நாள். 2022இல் ஒன்றிய அரசு டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண்ணை (14416) தொடங்கியதும் அதே நாளில்தான். செங்கல்பட்டு வட்டாரத்துத் தலித் மக்களுக்கு அந்தத் தேதியின் பொருள் வேறு. 1994 அக்டோபர் 10 அன்று, மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்தக் கூட்டத்திலிருந்து உயிரோடு திரும்பியவர்களிடம், அதற்குப் பிறகு தூக்கம் வந்ததா என்று யார் கேட்டோம்?

இந்தக் கேள்வியை அரசிடம் மட்டும் கேட்டால் போதாது. வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போகிறோம். எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, எந்தெந்தப் பிரிவுகள், நிவாரணம் வந்ததா, காயத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதை வரையறுக்கும்போது உடல் தீங்கோடு மனத்தீங்கு, உளவியல் தீங்கு, உணர்வுத் தீங்கு ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் உறவினர்களும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். சட்டம் ஏற்றுக்கொண்ட தீங்குக்கு நம் அறிக்கைகளில் ஒரு பத்திகூட இருப்பதில்லை.

களப்பணியின்போது திருப்போரூரை ஒட்டிய ஒரு காலனியில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். மகன் தாக்கப்பட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எல்லாத் தாள்களையும் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். பையன் பல மாதங்களாக வாசற்படி தாண்டவில்லை. இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். ஒரு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ‘செங்கல்பட்டு போகவும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவு, என்ன கிழமை, யாரைப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. “அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரில போயி யார்னு கேக்கறது கண்ணு?” என்றார். அவர்கள் போகவில்லை. போவதென்றால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. வீட்டை விட்டு இறங்காத பையனை எப்படி பஸ்ஸில் ஏற்றுவது என்பதற்கு அந்தச் சீட்டில் பதில் இல்லை. அந்த மருத்துவமனையின் பதிவேட்டில் மட்டும் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்’ என்று இருக்கும்.

இத்தனைக்கும் இது மனநலப் பணியே எட்டிப்பார்க்காத பகுதி இல்லை. ஸ்கார்ஃப் நிறுவனம் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் பல ஆண்டுகள் சமூக மனநலப் பணி செய்திருக்கிறது. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட தி பேனியன் கோவளத்தில் மையம் நடத்துகிறது. அதன் ‘நலம்’ பணியாளர்கள் உள்ளூரிலிருந்தே பயிற்சி பெற்றவர்கள். வீடு தேடிப் போய்ப் பேசுவது, மருத்துவரிடம் சேர்ப்பது, ரேஷன் அட்டை, உதவித்தொகை போன்றவற்றுக்கு அலைவது எல்லாம் அவர்கள் வேலை. ஸ்கிட்சோஃப்ரினியா உள்ளவர்களைச் சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று கவனித்தால் என்ன பலன் என்று காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் நிலை ஓரளவு மேம்பட்டது என்று 2014இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. அப்போது செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, எது வேலை செய்யும் என்பதற்கான விடை நம் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. அதை அரசு ஏன் ஊர்தோறும் கொண்டுபோகவில்லை என்பதுதான் பிரச்சினை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்தது. பி.பி., சர்க்கரை மாத்திரையோடு சேரிக்குள் வரும் அந்தப் பெண்ணால் “ராத்திரி தூங்கறீங்களா?” என்றும் கேட்க முடியும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நம் தோழர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பிரிவு 18, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநலச் சேவை பெறுவதை உரிமையாக்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். ஆதாருக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இன்னமும் அலையும் இருளர் குடும்பங்கள் உள்ள இந்தக் கடற்கரையில் அந்த ஒரு வரி பெரிய விஷயம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது பிரிவு 115 (வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் தவிர). போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வயிற்றுவலி என்று பொய் சொல்லிச் சேர்க்கும் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று மருத்துவரிடம் இழுத்துப்போகும் குடும்பங்களுக்கும் பதில் இருக்கிறது: சமூகத்தின் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்ட பிரிவு 3 இடம் தரவில்லை.

வழி இதுதான். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். அந்தத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்த அரசு மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை வருகிறார் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நடமாட முடியாதவருக்கு முதலில் 14416இல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். முதல் தடவை கூட ஒருவர் போவது மிக முக்கியம். சங்கத்தில் பேனர் கட்ட நாலு பேர் வருகிறார்கள், ஓ.பி. வரிசையில் நிற்க ஒருவர் வரமாட்டாரா?

“நமக்கு வேண்டியது நீதி, மாத்திரை இல்லை” என்று ஒரு மூத்த தோழர் என்னிடம் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். சாதி வெறிதான் நோய், அடிபட்டவன் நோயாளி அல்ல என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. காலனிய ஆட்சியில் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த ஃபனான் 1956இல் அந்தப் பதவியை உதறியதும் இதைப் போன்ற கேள்வியால்தான். ஆனால் அவர் மருத்துவத்தை விடவில்லை. துனிசுக்குப் போய் அங்கேயும் மனநோயாளிகளைக் கவனித்தார். நம் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. தூங்காமல், சாப்பிடாமல் கிடக்கும் சாட்சி குறுக்கு விசாரணையில் உடைந்தால் எதிர்த்தரப்புக்குத்தான் லாபம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். செங்கல்பட்டில் அடுத்த கூட்டத்துக்கு நம் ஆட்கள் மனு கொடுக்கும்போது ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: இந்தக் காலாண்டில் பதிவான வழக்குகளில் எத்தனை குடும்பங்கள் மனநலச் சேவைக்கு அனுப்பப்பட்டன, அவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்?