பாராட்டு சரி, கணக்கு எங்கே?

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சென்னை மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும், முகம் தெரியாத இளைஞர்கள் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளில் புகுந்து சேற்றை வாரிக் கொட்டினார்கள். பெரிய மனசு... மறுப்பதற்கில்லை.

உடனே "மனிதம் வென்றது" என்று எல்லோரும் எழுதித் தள்ளினார்கள். சரி, தோற்றது யார்? அது மனிதர்களால் உண்டான பேரழிவு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே 2018-இல் சொல்லிவிட்டது!

ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. இது கணக்குப் பாடத்தின் முதல் வகுப்பு. ஊரே கூலி வாங்காமல் உழைத்ததே, அந்தக் கடன் யார் பேரில்? தன்னார்வலருக்குச் சால்வை போர்த்தினால் அது தீர்ந்துவிடுமா?

2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மூழ்கின. மறுபடி தன்னார்வலர்கள், மறுபடி பாராட்டு!

சேறு அள்ளிய கைகள் அடுத்து, அரசிடம் கணக்குக் கேட்கட்டும்.