கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

தர்ப்பணத்துக்கு அமர்ந்ததும் சாஸ்திரிகள் முதலில் கோத்திரத்தைக் கேட்பார். அடுத்துப் பெயர்களைக் கேட்பார். தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்ற மூவரையும் வசு, ருத்ர, ஆதித்ய ஸ்வரூபமாகப் பாவித்து எள்ளும் நீரும் அளிக்கிறோம். தந்தைவழித் தாய்மார் மூவர், தாய்வழிப் பாட்டனார் மூவர், அவர்தம் மனைவியர் மூவர் என்று சேர்த்தால் மொத்தம் பன்னிரண்டு பெயர்கள். முறை மரபுக்கு மரபு சற்றே வேறுபடலாம். ஆனால் பெரும்பாலான இல்லங்களில் ஆண்களின் பெயர்கள் தடையின்றி வருகின்றன. கொள்ளுப்பாட்டியின் பெயர் வரும் இடத்தில் குரல் தயங்கி நிற்கிறது. இல்லத்தை ஆண்டு, பிள்ளைகளை வளர்த்து, நோன்புகளைக் காத்த அந்த அம்மையாரின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மறந்த பெயரை மீட்பது பித்ரு காரியத்தின் ஓர் அங்கம் என்றே கொள்ளலாம். அதற்கென ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் தம்மிடமிருந்து தொடங்க வேண்டும். ஒரு தலைமுறை உறுதியான பிறகே அடுத்த தலைமுறைக்கு ஏற வேண்டும். புகழ்பெற்ற மகான் ஒருவரை முன்னோராக வைத்துக்கொண்டு கீழ்நோக்கி வருவோர் பெரும்பாலும் வழி தவறுவர். ஒரே கோத்திரத்தில் எண்ணற்ற குடும்பங்கள் உண்டு. கோத்திர ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

அடுத்து, மூத்தோரிடம் கேட்கும் முறை. "உங்கள் பாட்டியின் பெயர் என்ன?" என்று கேட்டால், "தெரியாது, பாட்டி என்றுதான் கூப்பிடுவோம்" என்ற விடையே வரும். கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லாத வழக்கம் இருந்தது. மாமனார் பெயரையே பேரனுக்கு வைத்துவிட்டு, மருமகள் அவனை "ராஜா" என்றோ "துரை" என்றோ அழைத்தாள். ஆகவே வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று, பத்திரத்தில் உள்ள பெயர் வேறொன்று. எனவே நிகழ்ச்சியைப் பற்றிக் கேளுங்கள். முதல் மொட்டை எந்தக் கோயிலில் நடந்தது? காதுகுத்துக்கு யார் மடியில் அமர்த்தினார்கள்? பிரசவத்துக்கு எந்த ஊருக்குச் சென்றார்கள்? அந்த ஊர்தான் கொள்ளுப்பாட்டியின் பிறந்தகத்துக்கு வழிகாட்டும்.

பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடும் வழக்கமும் பெரிய துணை. பெயரை உடையவன் என்பதாலேயே அவன் பேரன். ஆனால் இதிலேயே ஒரு குழப்பமும் உண்டு. ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால், தாத்தாவையும் பேரனையும் ஒருவராகவே எண்ணிவிடுவோம். ஆண்டை அறிந்தால்தான் இருவரையும் பிரிக்க முடியும்.

பழைய ஏடுகளிலும் ஜாதகங்களிலும் ஆண்டு தமிழ்ப் பெயரில் இருக்கும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள். பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. "விக்ருதி வருஷம் தை மாதம்" என்றிருந்தால், விக்ருதி இருபத்து நான்காவது ஆண்டு. அது 1890 அல்லது 1950 சித்திரையில் தொடங்கும். தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் வருவதால் விடை 1891 அல்லது 1951. இரண்டில் எது என்பதைக் கிழமையும் நட்சத்திரமும் திதியும் காட்டிவிடும். பழைய பஞ்சாங்கம் போதும். தென்மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு எழுதியிருப்பார்கள். அதனுடன் ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். நிலக் கணக்கில் பசலி ஆண்டு வரும். அது ஜூலை முதல் தேதி தொடங்கும். டிசம்பர் வரை 590, பின்னர் 591 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். "தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தோம்" என்று ஒரு பாட்டி சொன்னால், அது 1876-ஐ ஒட்டிய பெரும்பஞ்சம் என்று அறியலாம்.

மூன்றாவது, எழுத்துச் சான்று. பாகப்பிரிவினைப் பத்திரம் குடும்பத்தையே ஓரிடத்தில் நிறுத்திக் காட்டும்: சகோதரர்கள், அவர்தம் மக்கள், சில வேளைகளில் ஜீவனாம்சத்துக்கு உரிய விதவைத் தாயார். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கோரலாம். குலதெய்வக் கோயிலின் மணி, குத்துவிளக்கு, நிலைப்படி ஆகியவற்றில் "உபயம்" என்று வெட்டிய பெயர்களையும் படித்துப் பாருங்கள். காசி, கயை யாத்திரை சென்ற முன்னோர் இருந்தால், தீர்த்தப் புரோகிதர்களின் வழிவழிப் பேரேடுகளில் அவர்கள் பெயர் இருக்கக்கூடும். ஹரித்வாரத்துப் பண்டாக்களின் ஏடுகள் இதற்குப் பெயர் பெற்றவை. அங்கே இன்றைய முகவரியைச் சொல்லிப் பயனில்லை. பூர்வீக ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

இவற்றிலும் கிடைக்காத பெண்ணின் பெயர் எங்கே கிடைக்கும்? பரணில் தேடுங்கள். சீராக வந்த பித்தளை அண்டாவிலும் வெண்கலப் பானையிலும் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். ஏட்டில் இல்லாத அம்மையாரின் பெயர் பாத்திரத்தின் விளிம்பில் இருக்கலாம். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் அந்த விளிம்பை ஒருமுறை துலக்கிப் பாருங்கள்.

கிடைத்ததை எழுதும்போது, பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். "பெரிய அத்தை சொன்னது" என்றோ "பத்திரத்தில் கண்டது" என்றோ பக்கத்தில் எழுதினால், பின்னால் வரும் பேரப்பிள்ளை அதன் உறுதியை எடைபோடுவான். இரு சான்றுகள் ஒத்துப்போகும் வரை பென்சிலால் எழுதுவது நலம். தத்து வந்தவர், இரண்டாம் தாரம், பிள்ளையின்றி மறைந்த சித்தப்பா, இளவயதில் கணவனை இழந்த அத்தை ஆகியோரை மறைக்க வேண்டாம். தத்துப் போனால் கோத்திரமே மாறும். அதை விட்டால் அதற்கு மேலுள்ள வரிகள் அனைத்தும் பிழையாகும். மஹாளயத்தில் காருண்ய பித்ருக்கள் என்று சொல்லி, வாரிசற்ற உற்றாருக்கும் நாம் எள்நீர் விடுகிறோம். சாஸ்திரம் கைவிடாதவர்களை நம் ஏடு கைவிடலாகாது.

அன்பர்களே, இதைப் படிக்கும் உங்களில் பலரே உங்கள் குடும்பத்தின் கடைசிச் சாட்சி. உங்கள் பாட்டியின் முகத்தை நினைவில் வைத்திருப்பவர் உங்களுக்குப் பின் ஒருவரும் இருக்க மாட்டார். வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு அவர் பெயரைச் சொல்லக்கூடியவரும் நீங்களே. வரும் அமாவாசைக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு வரிகள் கோடிட்டு, தெரிந்த பெயர்களை எழுதுங்கள். தெரியாத இடத்தை வெற்றாகவே விடுங்கள். இயன்றவரை தேடியும் கிடைக்காவிட்டால், பெயர் அறியாதவருக்கும் எள்நீர் விட வழியுண்டு. அதை உங்கள் புரோகிதரிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த நோட்டைப் பூஜை அறையில் பஞ்சாங்கத்துடன் வைத்து, வைத்த இடத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.