தாண்டி ஓடினால் தப்பா?

வாசகிகளில் ஒருவர், மயிலாப்பூர்க்காரர், ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய பெண் பள்ளிக்கூடத்தில் ஸாஃப்ட்பால் ஆடுகிறாள். பந்தை அடித்துவிட்டு ஓடினாள். முதல் பேஸை மிதித்தாள். ஓடிய வேகத்தில் நாலைந்து கஜம் தாண்டியும் போய்விட்டாள். திரும்பி வருகையில் இடது பக்கமாக, அதாவது மைதானத்தின் உட்புறமாக, திரும்பினாள். எதிர்க்கட்சிப் பெண் ஓடி வந்து பந்தால் அவள் தோளைத் தொட்டு "அவுட்!" என்று கத்தினாள். அம்பயர் இல்லை என்று விட்டார். மைதானத்தில் ஆரம்பித்த சச்சரவு வீட்டுக்கும் வந்துவிட்டதாம். போதாக்குறைக்குப் பாட்டி, "பேஸ் வந்ததும் நிற்கிறதற்கு என்ன? கால் போனால் யார் பார்ப்பது?" என்கிறார். ஆட்டத்தையே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

அம்பயர் சொன்னதுதான் சரி. பாட்டிக்குப் பதில் பிறகு வருகிறது.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1887-ல் சிகாகோவில் பிறந்த விளையாட்டு இது, பேஸ்பாலின் தங்கை. சதுரத்தின் நாலு மூலையிலும் நாலு இடம். அவற்றில் மூன்றில் திண்டு போன்ற பேஸ்கள். நாலாவது, பந்தை அடிக்கிறவள் நிற்கும் இடம். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 60 அடி. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் 66 அடி என்பதை நினைத்துக்கொண்டால் தூரம் பிடிபடும். அடித்தவள் முதல் பேஸை நோக்கி ஓட வேண்டும். பந்தை எடுத்தவள் அந்தப் பேஸில் நிற்கும் தோழிக்கு எறிவாள். பந்து முந்திக்கொண்டு, அதைப் பிடித்தவளின் கால் பேஸில் பட்டிருந்தால் அவுட். ஓடுகிறவளைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. ஆக, இமைப்பொழுதுதான் கணக்கு.

மாம்பலம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயில் நிற்பதற்குள் குதிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். (நீங்கள் குதிக்காதீர்கள்!) இறங்கிய இடத்திலேயே நிற்க முயன்றவர் குப்புற விழுவார், பத்தடி ஓடி நிற்கிறவர் தப்பிப்பார். முழு வேகத்தில் வருகிற பெண்ணும் அப்படித்தான். பேஸிலேயே நிற்க வேண்டுமானால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பந்து முந்திவிடும். ஆகவே, அடித்துவிட்டு ஓடி வருகிறவளுக்கு மட்டும் ஒரு சலுகை: முதல் பேஸை மிதித்துவிட்டுத் தாண்டி ஓடலாம். அதற்காகப் பந்தால் தொட்டு அவுட் ஆக்க முடியாது. ஆனால் நேராகப் பேஸுக்குத் திரும்பிவிட வேண்டும். வழியில் தோழிகளோடு பேசிக்கொண்டு நிற்கக் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பேஸை விட்டுக் கால் நகர்ந்த சமயத்தில் பந்தால் தொட்டுவிட்டால் அவுட்தான். அங்கே பெண்கள் புழுதி பறக்கச் சறுக்கி விழுவது இதனால்தான். துணி தோய்க்கிற தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இடதா வலதா என்ற சண்டை. இடது பக்கம் திரும்பினாலே அவுட் என்று நினைப்பவர்கள் அநேகம். சட்டம் கேட்பது பக்கத்தை அல்ல, எண்ணத்தை. இரண்டாவது பேஸுக்குப் போக முயன்றாளா? அவ்வளவுதான் கேள்வி. முயன்றிருந்தால், ஓர் எட்டு வைத்துவிட்டு மனம் மாறியிருந்தாலும், சலுகை போயிற்று. பந்தால் தொட்டால் அவுட். முயலவில்லையென்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றமில்லை. முயன்றாளா இல்லையா என்று தீர்மானிக்கிறவர் அம்பயர். வலது பக்கமே திரும்பு என்று சொல்லிக்கொடுப்பது வீண் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருப்பதற்கு. நல்ல பழக்கம்தான், ஆனால் சட்டம் இல்லை. இன்னொன்று: தாண்டுகிற அவசரத்தில் பேஸை மிதிக்கவே மறந்துவிட்டால், எதிர்க்கட்சி முறையிட்டு அவுட் வாங்கிவிடலாம்.

பாட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள்: கணுக்கால் சுளுக்குவது தாண்டி ஓடுவதனால் அல்ல, நிற்க முயல்வதனால், திண்டின்மேல் எம்பிக் குதிப்பதனால். பேஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் காலும், ஓடி வருகிறவளின் காலும் ஒரே திண்டில் மோதுவது அதைவிடப் பெரிய அபாயம். இதற்காகவே முதல் பேஸில் மட்டும் இரட்டைத் திண்டு வந்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே பாதி வெள்ளை, வெளியே பாதி பெரும்பாலும் ஆரஞ்சு. வெள்ளை பந்து பிடிக்கிறவளுக்கு, ஆரஞ்சு ஓடி வருகிறவளுக்கு. தாண்டிப் போய்த் திரும்பியதும் அவளுக்கும் வெள்ளைதான். உங்கள் பெண்ணின் பள்ளியில் இரட்டைத் திண்டு உண்டா என்று அடுத்த தடவை போகும்போது டிரில் டீச்சரைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை நிறுத்துவதைவிட அது சுலபம்.

ஓடுகிற வேகத்துக்கு மரியாதை தர வேண்டும் என்பது கிரிக்கெட்டுக்கே தாமதமாகத்தான் தோன்றியது. ஓடி வந்தவர் கோட்டைக் கடந்து மட்டையைத் தரையில் வைத்த பிறகு, அது துள்ளி எழுந்த அந்த நொடியில் ஸ்டம்பு விழுந்தால் முன்பெல்லாம் அவுட். 2017 அக்டோபரில் வந்த சட்டம்தான் அதை மாற்றியது. அதற்காகக் கிரிக்கெட்டில் ஓட்டம் சுலபமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2024 ஜூன் 28-ந் தேதி நம் சேப்பாக்கத்தில், தென்னாப்பிரிக்கப் பெண்களைப் புரட்டியெடுத்து ஷஃபாலி வர்மா 205 ரன் குவித்தாரே, அவரைப் பந்துவீச்சாளர் யாரும் வீழ்த்தவில்லை. ரன் அவுட்!

மயிலாப்பூர்ப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. 2028-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில் ஸாஃப்ட்பால் மறுபடி வருகிறது. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டெலிவிஷனில் பார். முதல் பேஸில் ஒருத்தியாவது நிற்கிறாளா என்று அவரையே எண்ணச் சொல்.